இரட்டைப்படை வசனங்கள்

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த லவினா, உள்ளறையில் யாரோ பேசுவது கேட்டுக் கையை நிறுத்தினாள். வீட்டில் அவளும் அவள் கணவர் யூஜினும் மட்டும்தான். யூஜினுக்குப் பேச்சு நின்று ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. பக்கவாதம் வந்த அன்று வலது கை, வலது கால், வாய் எல்லாம் ஒரே மூச்சில் போயின. கால் கொஞ்சம் திரும்பியது. வாய் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் இடது கை விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். பசித்தாலும் அதே தட்டல்தான். எதற்குத் தட்டுகிறார் என்று கண்டுபிடிப்பது அவள் பாடு. ஆகவே பக்கத்துப் போர்ஷன் டி.வி.யாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்து கேட்ட குரல் ஒருத்திக்கு அடையாளம் தெரியாமல் போகுமா.

கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் போய்த் திரைச்சீலையை விலக்கினாள். யூஜின் தலையணைகளில் சாய்ந்தபடி, காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்து பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு முறை சொல்லி முடித்திருக்க வேண்டும். அவள் போய் நின்றதும் மறுபடி முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்தார். நூற்று முப்பத்தொன்பதாம் சங்கீதம், ஓர் எழுத்து பிசகவில்லை. முதல் வசனம் முடிந்ததும் நிறுத்தினார். தலையை லேசாகச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி இருந்தார். கேட்டு முடித்தவராகத் தலையை ஆட்டிவிட்டு மூன்றாம் வசனத்தைத் தொடங்கினார். மறுபடி நிறுத்தம். பிறகு ஐந்து. பிறகு ஏழு. ஏழுக்குப் பின் வந்த நிறுத்தத்தின் நடுவில் குரலைத் தணித்து, மறந்தவருக்கு எடுத்துக்கொடுக்கிற தோரணையில், "பாதாளத்தில்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். அப்புறம் மிச்ச நிறுத்தம். அப்புறம் ஒன்பது. லவினா சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

அவர் ஏன் ஒன்று விட்டு ஒன்று சொல்கிறார் என்பது அவளுக்குத்தான் தெரியும். இருவரும் கோலார் தங்கவயல்காரர்கள். அங்கே அவர்கள் சபையில் சங்கீதத்தை மாறி மாறித்தான் வாசிப்பார்கள், போதகர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். கல்யாணமான புதிதில் யூஜின் அந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் விளக்கு எப்போதும் மங்கல். வீட்டில் இருந்த பைபிள் ஒன்று, அதிலும் பொடி எழுத்து. இரண்டு பேர் குனிந்தால் ஒருவர் தலை இன்னொருவருக்கு மறைத்தது. "ஒத்தப்படை எனக்கு, ரெட்டப்படை உனக்கு. அவங்கவங்க பங்க அவங்கவங்க மனப்பாடம் பண்ணிடணும், புக்கே வேணாம்" என்றார். முதல் வசனம் தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, குடும்பத் தலைவர் அல்லவா. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் ஒரு சங்கீதம் என்று ஆரம்பித்தது, அப்படியே ஆயுசு முழுக்க நடந்துவிட்டது. சுரங்கம் மூடிய பிறகு அவர் பெங்களூர் அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து, விடியுமுன் ரயிலேறிப் போய் வந்த வருஷங்களிலும் விடவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்தப் பழைய பங்களாவின் பின்பக்கப் போர்ஷனுக்குக் குடிவந்த பிறகும் விடவில்லை. மற்றவர்கள் மனசில் முழுச் சங்கீதம் இருக்கும். லவினாவின் மனசில் இருப்பதெல்லாம் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. அது ஒரு குறை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபின், வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்க வாயெடுத்தபோதுதான், எந்தச் சங்கீதத்தையும் தன்னால் தொடங்க முடியாது என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த ஒற்றைச் சொல்லுக்கும் காரணம் உண்டு. எட்டாம் வசனம் அவள் பங்கு. வானத்துக்கு ஏறினாலும் பாதாளத்தில் போய்ப் படுத்தாலும் ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார் என்று வருகிற இடம். லவினாவின் அப்பா சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்தவர். வீட்டுக்கு வந்தது ஆணியடித்த பெட்டி. திறந்து காட்டவில்லை. பெட்டியில் கல்லைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அப்பா இன்னும் கீழேதான் இருக்கிறார் என்று பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் நம்பினாள். வயது ஏறிய பிறகும் அந்த நம்பிக்கை முழுசாகப் போகவில்லை. அதனால் கல்யாணமான முதல் வருஷத்தில் அந்தச் சொல் கிட்டே வரும்போதெல்லாம் தடுக்கி நின்றுவிடுவாள். யூஜின் ஏன் என்று கேட்டதில்லை. உடனே எடுத்துக்கொடுத்ததும் இல்லை. அவள் பக்கம் திரும்பி, அவள் கைமேல் கை வைத்து, அவளே சொல்லட்டும் என்று முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். வராது என்று உறுதியான பிறகே மெதுவாகச் சொல்லுவார். மகள் அன்னா பிறந்த வருஷம் ஒரு சாயங்காலம் அந்தச் சொல் தானாகவே வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அங்கே தடுக்கியதே கிடையாது.

அன்னாவுக்கு அடுகோடியில் வீடு. சேதி கேட்டு ஓடிவந்தவள், அப்பா சொல்வதைச் செல்போனில் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான், அற்புதம், சாட்சி, ஸ்தோத்திரம் என்று வந்து குவிந்தன. திரை நிறையக் கும்பிடுகிற கைகள். ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத கொழுந்தன்கூட, ஆண்டவர் அண்ணன் வாயைத் திறந்தார் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இத்தனை கைகளில் ஒரு கையாவது நேரில் வந்து இவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கப் பிடித்துக்கொடுத்தால் தேவலை என்று லவினா நினைத்தாள். ஆனாலும் அவளுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அன்றைக்கு நெத்திலியை வறுக்கும்போது வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது.

வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் மைதிலி அந்தப் பாட்டை நிறுத்தினாள். சின்னப் பெண், நல்ல பெண், அதனாலேயே உண்மையைச் சொல்லிவிடுகிற பெண். யூஜின் சங்கீதம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் நீட்டி, "அங்கிள், இது என்ன?" என்றாள். யூஜின் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உதடு இரண்டும் கூடின, பிரிந்தன. ஒன்றும் வரவில்லை.

"ஆண்ட்டி, இது பேச்சு கிடையாது" என்றாள் மைதிலி, செருப்பு மாட்டும்போது. "ஒண்ணு ரெண்டு எண்ணுறது, கெட்ட வார்த்த திட்டுறது, பாட்டு, இதெல்லாம் மூளைல வேற எடத்துல இருக்கும். தானா வரும். அவரு நெனச்சு சொல்றது இல்ல. நிறைய பேருக்குப் பாத்திருக்கேன்."

"நடுவுல நிறுத்துறாரேம்மா. என் பங்கு முடியற வரிக்கும் இருந்துட்டு அப்பாலதான அடுத்தத ஆரம்பிக்கிறாரு?"

"அந்த கேப்பையும் சேத்துதான் ஆண்ட்டி அவரு பைஹார்ட் பண்ணி வெச்சிருக்காரு."

மைதிலி ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். லவினா கேட்டருகே வெகுநேரம் நின்றாள். கீரைக்காரி 'சொப்பு, சொப்பு' என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு வந்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். இடைவெளியை ஒருவர் மனப்பாடம் செய்ய முடியுமா? அப்படியானால் அந்த இடைவெளிக்குள் இருப்பது யார்? லவினாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, இந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிற பொம்பளை யாரென்று அவருக்குத் தெரிகிறதா இல்லையா. தெரிகிறது என்று ஒரு சின்ன அடையாளம் கிடைத்தால் போதும், மிச்சக் காலத்தை அதை வைத்தே தள்ளிவிடுவாள். தெரியாது என்றால் அவள் ஒரு காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவர் ஆரம்பித்தபோது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவளும் சேர்ந்துகொண்டாள். அவர் ஒன்று சொன்னார், அவள் இரண்டு சொன்னாள். அவர் மூன்று, அவள் நான்கு. நாவில் ஒரு சொல் பிறக்கும் முன்பே ஆண்டவருக்கு அது தெரியும் என்கிற நான்காம் வசனத்தைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆறு சொல்லும்போதே ஏதோ உதைத்தது. அவள் வசனத்தை முடித்துவிட்டாள், அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை நிதானமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் பாதியில் இருக்கும்போதே அவர் தன் வசனத்தைத் தொடங்கி அவள்மேல் ஏறிக்கொண்டு போனார். எட்டாம் வசனத்தில் அவள் தங்கு தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கையில், மறக்காத சொல்லை அவர் எடுத்துக்கொடுத்தார். சுவரைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருப்பது வேறொருத்தியை. புதுசாகக் கல்யாணமாகி வந்தவள், பயந்து பயந்து வசனம் சொல்லுகிறவள், எட்டில் தடுக்குகிறவள். அந்தப் பெண் இந்த அறையில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காக அவர் காத்திருக்கிறார், அவளுக்குத் தலையாட்டுகிறார். முழுக்க நரைத்துப்போய், மூட்டுவலி எண்ணெய் நாற்றத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவள் அவர் காதில் விழவே இல்லை. தனக்குத் தானே சக்களத்தியான ஒருத்தியை உலகத்தில் யாராவது பார்த்திருப்பார்களா. சிரிப்பு வந்தது, சிரித்தால் நிற்காது என்று பயந்து எழுந்து போய் முகத்தைக் கழுவினாள்.

அப்படியும் விடவில்லை, பரீட்சை வைத்தாள். இரண்டாம் வசனம் வரவேண்டிய இடத்தில், "கேஸ் தீந்துபோச்சுங்க, புக் பண்ணணும்" என்றாள். யூஜின் கேட்டுத் தலையாட்டிவிட்டு மூன்றாம் வசனத்துக்குப் போனார். நான்காம் வசனத்தின் இடத்தில், "நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். அதற்கும் தலையாட்டினார். அடுத்த இடத்தில் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கும் அதே தலையாட்டல். அந்தத் தலையாட்டலில் இருந்த பிரியம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அது நிஜமான பிரியம், அவளுக்குச் சேரவேண்டியது, அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மம்மி, நீயும் அவரு கூட சேந்து லூசாயிடாத" என்றாள் அன்னா போனில். "அவரு சொல்றாரு, சொல்லட்டும். நீ ஹாலுக்கு வந்து சீரியல் பாரு."

"சரிம்மா" என்றாள் லவினா.

ஆனால் அதன் பிறகு அவள் செய்த காரியத்தை மகளிடம் சொல்லவில்லை. வழிக்கு வராத ஆளின் வழிக்கு நாமே போய்விடுவது என்று முடிவுகட்டினாள். அவர் விடுகிற இடைவெளியைக் கூர்ந்து கேட்டு, அந்த அளவுக்குள் தன் வசனத்தை உட்காரவைத்துப் பழகினாள். அந்தக் காலத்தில் எங்கே மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் வேகமாக ஓடினாள் என்பதை அவர் நிறுத்தங்களிலிருந்தே திரும்பக் கற்றுக்கொண்டாள். குரலைக்கூடக் கொஞ்சம் மெல்லிசாக்கினாள். எட்டாம் வசனத்தில், அந்தச் சொல்லுக்கு முன்னால், நிறுத்தினாள். காத்திருந்தாள். "பாதாளத்தில்" என்றார் யூஜின். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கி அவள் வசனத்தை முடித்தாள். முடித்த மறுகணம் அவர் ஒன்பதைத் தொடங்கினார். இடைவெளியும் மிஞ்சவில்லை, மேலே ஏறுதலும் இல்லை. சட்டியும் மூடியும் போலப் பொருந்திவிட்டது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அதுவே வேலையாயிற்று. கட்டில் சட்டத்தை அவள் ஒரு தட்டுத் தட்டினால் அவர் ஆரம்பிப்பார். அந்தச் சங்கீதம் முடிகிறவரைக்கும் அவளுக்குப் புருஷன் உண்டு. முடிந்ததும் கட்டிலில் கிடப்பது வெறும் உடம்பு. இது ஆள்மாறாட்டம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. செத்துப்போன ஒரு பெண்ணின் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்து, அவளுக்கு வைத்த சோற்றைத் தின்கிற மாதிரி ஒரு கூச்சம். அந்தப் பெண் யார் என்று நினைத்துப் பார்த்தால் கூச்சம் பயமாக மாறும். சில நாள் வசனம் சொல்லும்போது தன் குரலோடு இன்னொரு குரலும் சேர்ந்து வருகிறது என்று தோன்றும். திரும்பிப் பார்க்கமாட்டாள். அவரோ ஒருநாளும் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சபையில் அந்த மாதப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் லவினாவைச் சங்கீதம் சொல்லச் சொன்னார்கள். அன்னா லீவு போட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அற்புதம் நடந்தவரின் மனைவி அல்லவா, எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தனக்கு இரட்டைப்படைதான் தெரியும் என்றபோது சிரித்தார்கள். ஐக்கியத் தலைவி பிரிஜெட், "அதனால என்னா லவினாக்கா, ஒத்தப்படை நான் படிக்கிறேன்" என்று பைபிளைப் பிரித்தாள். பிரிஜெட் ஏழு வரைக்கும் படித்தாள். லவினா எட்டைத் தொடங்கினாள், வானத்தில் ஏறினாள், அந்த இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் நின்றாள். நின்று காத்திருந்தாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. சரி, நாமே சொல்லிவிடலாம் என்று உள்ளே தேடினாள். சொல் இல்லை.

மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். ஒரே இடத்தில் தினமும் தடுக்கினால் தடுக்கலும் மனப்பாடமாகிவிடும். ஆனால் லவினாவுக்கு அந்த நியாயமெல்லாம் அப்போது தோன்றவில்லை. அந்தச் சொல் இருந்த இடத்தில் ஓர் இருட்டு இருந்தது, அதன் விளிம்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அழுகிறாள் என்று நினைத்த பிரிஜெட் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி ஜெபத்தில் முடித்துவைத்தாள். பிறகு டீயும் வெஜ் பஃப்பும் கொடுத்தார்கள்.

வீடு நடக்கிற தூரம்தான். பைபிள் கைப்பையில் இருந்தது. பார்க் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் பிரித்துப் பார்த்திருந்தால் தீர்ந்தது. இரண்டு தடவை கை பையின் ஜிப்புக்குப் போய்த் திரும்பியது. புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில்தான் ஆள் இருக்கிறாரே, எடுத்துக்கொடுக்க.

அன்னா கிளம்பிப் போனாள். லவினா புடவையைக்கூட மாற்றவில்லை, விளக்கும் போடவில்லை. கட்டிலில் அவருடைய விழுந்துபோன பக்கத்தில், வலது கையை ஒட்டி உட்கார்ந்தாள். சட்டத்தைத் தட்டினாள். யூஜின் சுவரைப் பார்த்து ஆரம்பித்தார். ஒன்று அவர், இரண்டு இவள். குரலை மெல்லிசாக்க அவளுக்கு ஞாபகமில்லை. அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது, கரகரவென்று, நடந்துவந்த களைப்போடு. மூன்று, நான்கு. ஐந்து, ஆறு. ஆண்டவருக்கு மறைந்து எங்கே போவேன் என்று அவர் ஏழாம் வசனத்தைக் கேட்டு நிறுத்தினார். லவினா எட்டைச் சொல்லத் தொடங்கினாள். வானத்தைத் தாண்டினாள். நின்றாள்.

அவர் எடுத்துக்கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. வந்து கடந்து போனது. பக்கத்துப் போர்ஷனில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. இந்தச் சங்கீதத்தில் இத்தனை நீளமான நிறுத்தம் இருந்ததே இல்லை.

"எனக்கு நெஜமாலுமே மறந்துபோச்சுங்க" என்றாள் லவினா. "நடிக்கல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். யூஜின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கண்கள் அவள் முகத்தில் இருந்தன. நரைத்த முடியில் போய், நெற்றியில் போய், மறுபடி வாய்க்கு வந்து நின்றன. அவர் உதடுகள் கொஞ்சம் பிரிந்திருந்தன, டம்ளரைக் காட்டினபோது பிரிந்திருந்த மாதிரி. தினம் தினம் வாங்கி வாங்கி அவரிடமிருந்த அந்தச் சொல்லையும் அவள் தீர்த்துவிட்டாளா? இல்லை, அவளே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா, அந்த முதல் வருஷத்தில் காத்திருந்ததுபோல? எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லவும் அவருக்கு வாய் இல்லை.

அவருடைய இடது கை சட்டத்தை விட்டது. போர்வையின்மேல் மெதுவாக நகர்ந்து, வயிற்றைக் கடந்து, அசையாத தன் வலது கையையும் தாண்டி, அவள் கைமேல் வந்து படிந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே சொல்லுக்காக இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.